சினை ஆட்டின் பராமரிப்பும் சிறு குடும்பத்தின் பொருளாதாரமும்

2019 ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள வெள்ளாடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 14 கோடியே 88 லட்சம். 2012 இல் அது 13 கோடியே 51 லட்சமாக இருந்தது. இந்த ஆடுகளில் பெரும்பாலானவை நிலமற்றோர், குறுவிவசாயிகள் ஆகியோரின் வீடுகளில், இரண்டும் மூன்றுமாகக் கட்டப்பட்டிருப்பவை. அவ்வீடுகளில் ஆடு என்பது பாலுக்கு மட்டும் உரியதன்று. அது சேமிப்பு, அவசரத்திற்கு விற்கும் சரக்கு, பல இடங்களில் பெண்ணின் பெயருக்கு உரிய ஒரே சொத்தும் அதுவே. அந்தச் சொத்து ஆண்டில் ஒருமுறை பெரும் ஆபத்துக்கு உள்ளாகிறது. சினையின் கடைசி இரண்டு மாதங்களே அக்காலம்.

உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட சக்கர்நகர் பகுதி ஜமுனாபாரி இனத்தின் தாயகம். வளைந்த மூக்கும், தொங்கும் நீண்ட காதுகளும், பின்தொடைகளில் அடர்ந்த நீள்மயிரும் கொண்ட பெரிய ஆடு இது. இங்கிலாந்தின் ஆங்கிலோ நூபியன் இனம் உருவானதில் இதற்குப் பங்குண்டு. இந்தோனேசியாவில் இதன் வழிவந்த ஆடுகள் இன்றும் எட்டாவா என்ற பெயராலேயே அழைக்கப்படுகின்றன. தாயகத்திலோ தூய இனம் அருகிவருகிறது.

இவ்வினம் ஈனும் பருவங்கள் இரண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சினைப்பட்டவை ஏறத்தாழ 150 நாட்கள் சுமந்து, பங்குனியை ஒட்டி ஈனுகின்றன. குளிர் விலகி இளவேனில் தொடங்கும்போது இவ்வாடுகள் நிறைசினையாக இருக்கும். கருவின் எடையில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் கடைசி இரு மாதங்களிலேயே கூடுகிறது. அதே வேளையில் கருப்பை வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஆடு ஒரே நேரத்தில் உண்ணக்கூடிய அளவு குறைகிறது. தேவை ஏறும்போது கொள்ளளவு இறங்குவதே இக்காலத்தின் சிக்கல். குறைந்த அளவில் மிகுந்த சத்துள்ள தீவனம், பலமுறை பிரித்துத் தரப்பட வேண்டும். தழையும் பயற்றுப் பொட்டும் போக, கடைசி ஆறு வாரங்களில் நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் வரை அடர் தீவனம் கொடுப்பது நலம். அளவைச் சிறிது சிறிதாக உயர்த்துவது முக்கியம்.

கடினமான கேள்வி வேறொன்று. ஈனுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் கறவையை நிறுத்தி மடியை வற்றவிட வேண்டும் என்பது கால்நடை அறிவியல். அந்தப் பாலை விற்று உப்பும் எண்ணெயும் வாங்கும் குடும்பத்திற்கு இது எளிதன்று. அவர்கள் கறவையைத் தொடர்வதை அறியாமை என்று அலுவலர்கள் குறிப்பெழுதுவதுண்டு. அது சரியான கணிப்பாகாது. கையில் ஏதுமில்லாதவருக்கு இன்றைய அரை லிட்டர் பால், இரண்டு மாதம் கழித்து வரக்கூடிய ஒரு லிட்டரைவிட மதிப்புடையது. பொருளாதார மாணவர்கள் இதனைக் காலத் தள்ளுபடி என்பர். விளைவு என்னவோ கொடியதுதான்: மெலிந்த தாய், எடை குறைந்த குட்டி, அடுத்த ஈற்றில் குறைந்த கறவை. ஆடு கடனில் வாங்கப்பட்டு, தவணை மாதந்தோறும் ஒரே அளவாக வைக்கப்பட்டிருந்தால், வற்றுக்காலத்திலும் கறக்கும்படி அத்தவணையே குடும்பத்தை நெருக்குகிறது. தவணை அட்டவணையை ஈற்றுக் காலத்தோடு பொருத்தி, வற்றிய இரு மாதங்களை விட்டுவைப்பதற்கு வங்கிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

ஆட்டின் உடலைத் துடைத்துச் சீவும் வேலையைப் பலர் அழகுக்கானது என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். உண்மையில் அது நாள்தோறும் நடக்கும் ஓர் உடற்பரிசோதனை. குளிர்காலத்து அடிமயிர் உதிரும் காலம் இளவேனில். முரட்டுத் தூரிகையாலோ தேங்காய் நாராலோ கழுத்திலிருந்து பின்னோக்கிச் சீவினால் உதிர்மயிரும் பொடுகும் நீங்கும். பேன் கண்ணில் படும். நீண்ட காதுகளின் உட்புறத்திலும் தொடை இடுக்கிலும் உண்ணி ஒளிந்திருக்கும். நிறைசினை ஆட்டைப் பிடித்து மருந்துத் தொட்டியில் முக்குவது கருச்சிதைவில் முடியலாம். ஆகவே உண்ணியைக் கையால் எடுப்பதும், மருந்து தேவையெனில் சினை ஆட்டுக்கு ஏற்றதை மருத்துவரிடம் கேட்டறிவதுமே தக்க வழி. முதுகெலும்பின் மேல் கை ஓடும்போது சதைப்பற்று எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். முள் துருத்திக்கொண்டு தெரிந்தால் தீவனம் போதவில்லை என்று பொருள்.

குளம்பு வெட்டுவதைச் சினையின் முற்பாதியிலேயே முடித்துவிட வேண்டும். பிறகு ஆட்டைச் சாய்த்துப் பிடிப்பது தகாது. பள்ளத்தாக்குகளில் மேயும் ஆட்டுக்குக் குளம்பு தானே தேயும். கட்டிவைத்து வளர்ப்பதற்கே இவ்வேலை மிகுதி. ஜமுனாபாரியின் பின்தொடை மயிரை ஈனுவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன் கத்தரிப்பது நன்று. இல்லையேல் ஈற்றின்போது அதில் குருதியும் சாணமும் ஒட்டி ஈக்களை அழைக்கும். குட்டியும் காம்புக்குப் பதில் மயிரையே சப்பும். சந்தையில் அம்மயிருக்காகவே ஆட்டை மதிப்பவர் உண்டு. அவர்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

இளவேனில் பசுமையிலும் இடர் உண்டு. கோதுமை அறுவடையான வயலில் சிதறிய மணிகளை ஆடு வயிறு முட்டத் தின்றால் செரிமானப் பையில் அமிலம் பெருகி உயிரே போகலாம். திடீரென வளமான தீவனம் கிடைக்கும் காலத்தில் துள்ளுமாரி நோயும் தாக்கும். ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன் அதற்கான தடுப்பூசி போட்டால், தாயின் சீம்பால் வழியே குட்டிக்கும் பாதுகாப்புச் செல்கிறது. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு தீவனம் மறுத்து, மந்தையை விட்டு விலகி நின்று, பல்லை நறநறவென்று கடித்தால் அது சினைக்கால நச்சுநோயாக இருக்கலாம். தன் கொழுப்பையே கரைத்துக் கருவுக்கு ஊட்டும் நிலை அது. வெல்லக் கரைசல் முதலுதவி மட்டுமே. மருத்துவரை அன்றே அழைக்க வேண்டும். கரு கலைந்தால் வெறுங்கையால் தொடுதல் கூடாது. புரூசெல்லா நோய் மனிதருக்கும் தொற்றும். ஆட்டைப் பேணுவோர் பெரும்பாலும் பெண்களாகையால் இதனை அவர்களிடமே நேரில் சொல்லுதல் வேண்டும்.

ஈற்றுக்கு உலர்ந்த வைக்கோல் பரப்பிய தனியிடம் போதும். குட்டியின் மூக்கிலுள்ள சளியைத் துடைத்து, கொப்பூழ்க்கொடியில் அயோடின் தடவி, முதல் ஓரிரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். சீம்பாலை நஞ்சுக்கொடி விழும்வரை தரலாகாது என்ற பழக்கம் சில இடங்களில் இன்னும் உள்ளது. இதனால் குட்டிகள் வீணே மடிகின்றன.

மதுரா மாவட்டம் மக்தூமில் 1979 இல் நிறுவப்பட்ட மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இவ்வறிவைத் திரட்டிவருகிறது. 1980 இல் நாடெங்கும் விரிந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின்கீழ்க் கால்நடைகள் ஏராளமாக வழங்கப்பட்டன. வாங்கிய பின் அவற்றைப் பேணும் அறிவும் மருத்துவமும் அதே அளவில் கிராமத்தை எட்டவில்லை. இன்று ஊரக வாழ்வாதார இயக்கத்தில் ‘பசு சகி’ எனப்படும் பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றனர். இவர்களின் வருகை நாட்களை மாசி, பங்குனி மாதங்களில் மிகுதியாக்கவும், எந்த வீட்டில் எந்த ஆடு எந்த வாரத்தில் ஈனும் என்ற எளிய பதிவேட்டை அவர்கள் கையில் கொடுக்கவும் வட்டார அலுவலகத்திற்குத் தனி ஆணையோ தனி நிதியோ தேவைப்படாது.