டீ குடித்ததும் சிகரெட் ஏன் கேட்கிறது?

(நமது குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நோன்பு திறக்க உட்கார்ந்திருக்கிறோம். மஃரிப் பாங்குக்கு முன் பள்ளியில் மைக்கைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. உடனே நாவில் எச்சில் ஊறுகிறது. மைக்கில் என்ன ருசி இருக்கிறது? அந்தச் சத்தத்துக்குப் பின்னால் தினமும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வந்ததால் உடம்பு அதைப் படித்துவைத்துக் கொண்டது, அவ்வளவுதான்.

செரிமான ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் இதை நாய்களிடம் ஆராய்ந்தார். ஒரு சத்தம், பிறகு உணவு. பல தடவை இப்படிச் செய்தபின், சத்தம் மட்டும் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறியது.

சிகரெட்டும் இப்படித்தான். பகலெல்லாம் பொறுத்த மனிதர், நோன்பு திறந்து டீயைக் குடித்ததும் தெருமுனைக்குப் போகிறார். நிகோடின் குறைந்தது ஒரு காரணம். அந்த டீயே இன்னொரு காரணம். டீக்குப் பதில் கொஞ்ச நாள் எலுமிச்சை ஜூஸ் கொடுத்துப் பாருங்கள்.

குடி இதைவிடக் கஷ்டம். நம் புதுச்சேரியில் மதுக்கடைக்கா பஞ்சம்? சிகிச்சை முடிந்து வந்த பிள்ளை அதே தெரு, அதே கூட்டாளி, அதே சனிக்கிழமை சாயங்காலத்துக்குத் திரும்பினால் உடம்பு பழைய பாடத்தை ஒப்பிக்கிறது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் தவறினால், "இவன் திருந்தவே மாட்டான்" என்று வீட்டை விட்டு அனுப்புகிறோம். பாவ்லோவ் கண்ட இன்னொன்றைக் கேளுங்கள். உணவு தராமல் சத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் எச்சில் நின்றுவிடும். இடைவெளி விட்டு மறுபடி சத்தம் கொடுத்தால் கொஞ்சம் திரும்பி வரும். அப்போதும் உணவு தராவிட்டால் மறுபடி அடங்கும். பழைய ஆசை தலைகாட்டுவது உடம்பின் இயல்பு. அதை வைத்துப் பிள்ளையைக் கைவிடலாமா? வேலைக்குப் போகும் வழியை மாற்றுங்கள். சாயங்கால நேரத்துக்கு வேறு வேலை கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. ஜிப்மர் மனநலப் பிரிவில் காட்டி, டாக்டர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும். புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். தனியாகப் போகத் தயங்கினால் நம்மிடம் சொல்லுங்கள். கூட ஒருவர் வருவோம். பெயர் வெளியே போகாது.