பயனற்ற பாடம் எது?



பள்ளியில் கற்பிக்கப்பெறும் பாடங்களுள் எதனைப் படிப்பது வீண் என்று மாணவர்களைக் கேட்டால், அவர்கள் விடை கூறத் தயங்குவதில்லை. தேர்வு முடிந்த அன்று கேட்டால், எந்தப் பாடம் அவர்களை வருத்தியதோ அதன் பெயரைச் சொல்வார்கள். அது சினத்தில் பிறந்த விடை. அதனை நாம் பொருட்படுத்த வேண்டுவதில்லை. மனம் அமைதியாக இருக்கும் வேளையில் அதே வினாவைக் கேட்டுப் பாருங்கள். கணிதமும் இயற்பியலும் கடினமானவை என்பார்கள். பயனற்றவை என்று சொல்லமாட்டார்கள். கடினமான பாடம் வேறு, பயனற்ற பாடம் வேறு என்பதைச் சிறுவர்கள் நன்றாக அறிவார்கள். பெங்களூரில் வாழும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பயனற்றவை என்று சுட்டுவன பெரும்பாலும் மூன்று. வரலாறும் புவியியலும் குடிமையியலும் அடங்கிய சமூக அறிவியல் ஒன்று, கன்னடம் மற்றொன்று, கற்பிக்கும் வசதியுள்ள இடங்களில், தமிழ் மூன்றாவது.

இதைக் கேட்டவுடன் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் இந்த அளவுகோலை அவர்கள் எங்கிருந்து பெற்றார்கள் என்று நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கியதும் தந்தையின் கண் முதலில் எந்த வரிக்குச் செல்கிறது? மாலையில் தனிப் பயிற்சிக்கு எந்தெந்தப் பாடங்களுக்குப் பணம் கட்டுகிறோம்? பிள்ளைகள் இவற்றையெல்லாம் கவனித்துக்கொண்டேயிருக்கிறார்கள். நாம் வாயால் சொல்லாததையும் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

நம்மை மட்டும் குறை கூறுவதும் முறையன்று. தேர்வுகளின் அமைப்பும் இதற்குத் துணை செய்கிறது. கர்நாடகத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில், முதல் மொழிக்கு 125 மதிப்பெண்ணும் ஏனைய ஐந்து பாடங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண்ணுமாக மொத்தம் 625 என்னும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. மூன்று மொழிகளையும் கூட்டினால் 325. அதாவது, பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண் மொழிகளுக்கே உரியது. இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. பொறியியல் கல்லூரிக்கான தரவரிசை இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றைக் கொண்டே வகுக்கப்படுகிறது. பள்ளி இறுதித் தேர்வில் அப்பாடங்களில் பெற்ற மதிப்பெண் பாதி. அதே பாடங்களில் நடக்கும் பொது நுழைவுத் தேர்வில் பெற்றது பாதி. மருத்துவத்துக்குச் செல்வோருக்கு நீட் தேர்வின் இயற்பியல், வேதியியல், உயிரியல். நேற்று வரையில் பாதிக்கு மேல் எடையுடையனவாக இருந்த மொழிகள் இன்று எடையற்றுப் போகின்றன. பதினேழு வயது இளைஞன் இதைக் கண்டு, "இத்தனை ஆண்டுகள் இவற்றை எதற்காகப் படித்தோம்?" என்று கேட்பானாயின், அவனை மூடன் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் ஒன்றை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பாடங்களுக்குச் சந்தை வைக்கும் விலை என்றும் ஒரே நிலையில் நின்றதில்லை. சர் சி. வி. இராமனை எண்ணிப் பாருங்கள். 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்து, 1970இல் மறையும் வரையில் இந்நகரத்திலேயே வாழ்ந்தவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், 1907இல் இந்திய நிதித் துறையில் கணக்கு அதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்றார். ஏன்? இயற்பியலைப் படித்தவனுக்கு வாழ்வு தரும் வேலை அந்நாளில் இந்நாட்டில் அரிதாக இருந்தது. அலுவலகம் போக எஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி செய்து, 1917இல் குறைந்த ஊதியத்துக்குப் பேராசிரியர் பதவியை ஏற்றார். 1930இல் நோபெல் பரிசு பெற்றார். இன்று எந்தப் பாடத்துக்காகப் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்புகிறோமோ, அந்தப் பாடம் சோறு போடாது என்று கருதப்பட்ட காலமும் உண்டு.

தமிழின் நிலையும் அப்படித்தான் இருந்தது. 1855இல் பிறந்த உ. வே. சாமிநாத ஐயர் இளமையில் தமிழையே கற்க விரும்பியபோது, அதனால் இவ்வுலகிலும் பயன் இல்லை, மறுவுலகிலும் பயன் இல்லை என்று எண்ணியவர்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். அவர் கேளாமல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று கற்றார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். அந்த இளைஞர் ஊராரின் கணக்கைக் கேட்டிருந்தால் நமக்கு எத்தனை ஏடுகள் கிடையாமற் போயிருக்கும்!

எனினும், பெரியோர்களின் வரலாற்றைச் சொல்லி ஒரு சிறுவனை நம்பவைக்க முடியாது. அவன் பயனற்றவை என்று ஒதுக்கும் மூன்று பாடங்களையும் அவன் வாழும் நகரத்திலேயே வைத்துப் பார்ப்போம்.

முதலில் சமூக அறிவியல். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்திருக்கிறது. மேட்டின் மேற்புறம் விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து காவிரியிற் கலக்கிறது. கிழக்கே விழும் மழை பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையிற் சேர்ந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியே கடலூரை நோக்கிச் செல்கிறது. ஆகவே, தமிழர் மிகுதியாக வாழும் அல்சூரில் ஒரு வீட்டுக் கூரையில் விழும் மழைத்துளி, தடையின்றி ஓடுமானால், தமிழ்நாட்டின் கடற்கரையை அடையும். 2017இல் பெள்ளந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்தபோது, அது பெங்களூரின் துன்பம் மட்டுமன்று. கீழே உள்ள உழவனின் துன்பமும் ஆகும் என்பதைப் புவியியல் படித்த பிள்ளை உடனே உணரும்.

காவிரியைப் பற்றிய சச்சரவு 1991இலும் 2016இலும் இந்நகரத் தெருக்களில் வன்முறையாக வெடித்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாட்களில் வதந்திக்குக் கால்கள் பல. அவ்வேளையில் நம் பிள்ளைக்கு எது துணை? 1990இல் நடுவர் மன்றம் ஏன் அமைந்தது. 2007இல் அது என்ன தீர்ப்பளித்தது. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாக அளித்த 14.75 டி.எம்.சி. நீரில் 4.75 டி.எம்.சி. பெங்களூருக்கென்றே ஒதுக்கப்பட்டது ஏன். தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. ஆனது எவ்வாறு? இவற்றை அறிந்த பிள்ளை கூச்சலுக்கு அஞ்சாது, தானும் கூச்சலிடாது. குழாயில் காவிரி நீரைக் குடித்துக்கொண்டே, தஞ்சையில் உள்ள பாட்டனாரின் வயலுக்கும் அதே நீர் வேண்டும் என்பதை அறிந்த குடிமகனாக வளரும். நுழைவுத் தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை என்பது உண்மையே. வாழ்வில் இதற்கு எடை இல்லை என்று யார் கூறுவர்?

அடுத்தது கன்னடம். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி, கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கப்படல் வேண்டும். சட்டம் சொல்வதனால் படிக்கிறோம் என்ற மனக்கசப்போடு நம் பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள். 2006இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தால் அங்குள்ள கன்னடப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் தமிழ் கற்பதை அவர்களுக்கு நாம் நினைவூட்டலாம். ஒரு மண்ணில் வாழ்கிறவன் அம்மண்ணின் மொழியை அறிதல் கடன் மட்டுமன்று, பெருமையும் ஆகும். வீட்டில் தமிழ் பேசிய குடும்பத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதையின் தந்தையெனப் போற்றப்பெற்று, 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைக் கன்னட நாவலுக்காகப் பெற்றார். தமிழ்க் குடும்பத்திலேயே தோன்றிய டி. பி. கைலாசம் கன்னட நாடகத்துக்குப் புத்துயிர் அளித்தார்.

கைலாசத்தைப் பற்றி இங்கே ஒரு செய்தி கூறத்தகும். அவர் இலண்டனில் நிலவியல் பயின்று வந்தவர். அரசாங்க வேலையைத் துறந்து நாடகத்தை நாடியவர். அவருடைய தொடக்க கால நாடகங்களுள் ஒன்று "டொள்ளு கட்டி". ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் பாடங்களை ஒப்பித்துத் தேர்வில் வெல்பவன், வீட்டாரின் செல்லப்பிள்ளை. மற்றவன் தேர்வில் பின்தங்கியவன். பிறர் துன்பங்கண்டு ஓடி உதவுபவன். அதனாலேயே தந்தையிடம் வசை பெறுபவன். வீட்டுக்கு ஆபத்து வந்தபோது எவன் உள்ளீடற்ற பதர், எவன் கெட்டியான மணி என்பது புலனாகிறது. மதிப்பெண்ணால் மனிதரை அளப்பதைப் பற்றி, இந்நகரம் நன்கறிந்த ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்னரே எழுப்பிய வினா அது. நாம் இன்னும் அதற்கு விடை கூறவில்லை.

இறுதியாகத் தமிழ். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 21 இலட்சம் பேர். 1809இல் கண்டோன்மென்ட் அமைந்த காலந்தொட்டு அலை அலையாக வந்தவர்கள் நம் முன்னோர். ஆனால், ஆங்கிலமும் கன்னடமும் முதல் இரண்டு இடங்களைப் பெற்றபின், தமிழுக்கு எஞ்சுவது மூன்றாம் இடம். ஆசிரியர் இல்லாத பள்ளியில் அதுவும் இல்லை. அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. சிலை திறந்தாயிற்று, அவர் எழுதிய நூலை எழுத்துக்கூட்டிப் படிக்க நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியுமா என்பதே இப்போது எஞ்சியுள்ள வினா.

"தமிழ் எதற்கு உதவும்?" என்று கேட்கும் பிள்ளைக்குச் சந்தைக் கணக்கிலேயே ஒரு விடை உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணிக்குப் போட்டியிடுவோர் தமிழ்த் தகுதித் தேர்வில் குறைந்தது 40 விழுக்காடு பெறல் வேண்டும் என்று 2021 டிசம்பரில் ஆணை பிறந்தது. அதுபோன்றே, கர்நாடகத்துக்கு வெளியே வாழும் கன்னடர் பிள்ளைகள் தமக்குரிய பிரிவில் கல்லூரி இடம் பெறக் கன்னடத் தேர்வு எழுதுகிறார்கள். பயனற்றது என்று சாத்திவைத்த கதவு எந்த நாளில் திறக்க வேண்டிய கதவாகும் என்பதை யாரும் முன்கூட்டி அறிய முடியாது.

இதனினும் சிறந்த விடை ஒன்றும் உண்டு. தமிழும் கன்னடமும் ஒன்றையொன்று கற்பிக்கும் மொழிகள். நம் பால் அவர்களுக்கு ஹாலு, பூ, ஹூவு, பத்து, ஹத்து. பழைய கன்னடத்தில் இச்சொற்களும் பகரத்தோடேயே வழங்கின. பிற்காலத்தில் பகரம் ஹகரமாயிற்று. இந்த ஒரு விதியை அறிந்த சிறுவன் பேருந்தில் அமர்ந்தபடியே ஊர்ப் பெயர்களைப் படிக்கத் தொடங்குவான். மாரத்தஹள்ளியில் உள்ள ஹள்ளி, நம் திருச்சிராப்பள்ளியில் உள்ள பள்ளியே. அல்சூர் என்று நாம் வழங்கும் ஹலசூரு, ஹலசு என்னும் மரத்தால் பெயர் பெற்றது என்பர். ஹலசு நம் பலா. இரண்டு பயனற்ற பாடங்களை அருகருகே வைத்தபோது, இரண்டும் உயிர் பெற்று எழுவதைப் பாருங்கள்.

பிள்ளைகளின் குறையில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் மட்டுமே ஒப்பிக்கச் செய்யும் வரலாறும், வினா விடைத் தொகுப்பிலிருந்து மனப்பாடம் செய்யும் இலக்கியமும் பயனற்றவையே. மூன்று மொழிகளின் சுமையும் சில பிள்ளைகளுக்கு மெய்யாகவே பெரிது. ஆனால், பயனின்மை பாடத்தில் இல்லை. அதனைப் பிள்ளையின் தெருவோடும் வீட்டோடும் இணைக்காமல் விட்டதில் இருக்கிறது. இந்த இணைப்பைப் பள்ளி செய்யாத இடத்தில் வீடு செய்யலாம்.

அதற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. ஞாயிறுதோறும் அரை மணி நேரம் போதும். ஊரிலுள்ள பாட்டிக்குப் பிள்ளை தன் கையால் நான்கு வரி தமிழில் எழுதட்டும். அடுத்த வீட்டுக் கன்னடத்து அம்மையாரிடம் கன்னடத்திலேயே பேசட்டும். குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது, கழிவாய் எங்கே போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டட்டும். 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்கு ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த முறை மதிப்பெண் பட்டியல் வீட்டுக்கு வரும்போது, கணிதத்தின் வரியைப் பார்க்குமுன் மொழியின் வரியைப் பாருங்கள். அதில் குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள். மிகுந்திருந்தால் மனமாரப் புகழுங்கள். தந்தையின் கண் செல்லுமிடத்துக்குப் பிள்ளையின் கருத்தும் செல்லும்.