அன்பும் அருளும்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



யாகசாலையில் எழுந்த வேத ஒலியும் திருமுறை ஒலியும் செவிகளில் நிறைந்திருக்கின்றன. விமானத்தின்மீது புனித நீர் சொரியக் கண்ட கண்கள் இன்னும் ஈரம் உலராமல் இருக்கின்றன. இத்தகைய வேளையில், பலர் கண்ணுக்குத் தெரியாமல் கருவறைக்குள் நடைபெற்ற ஒரு செயலை நினைவுகூர்வது பொருத்தமுடையதாகும். அதுவே அஷ்டபந்தனம் சாத்துதல்.

கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களை ஒன்று சேர்த்து, இரும்புலக்கை கொண்டு பல காலம் இடித்து, மெழுகுபோல் இளகச் செய்து, திருமேனிக்கும் பீடத்திற்கும் இடையே சாத்துவர். எட்டும் எட்டு வகைப்பட்டவை. ஒன்று மண்ணிற் பிறந்தது. ஒன்று மரத்தின் பிசின். ஒன்று தேனீ தந்தது. ஒன்று பாலிலிருந்து வந்தது. தனித்தனியே நிற்கும்போது எதற்கும் திருமேனியைத் தாங்கும் ஆற்றல் இல்லை. இடிபட்டு இளகி ஒன்றான பின்னரே அவை பந்தனம் ஆகின்றன. அவ்வாறு அமைந்த பந்தனமும் என்றென்றும் நிலைப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது காய்ந்து வெடிப்புறும். ஆதலின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனைப் புதுப்பித்தல் வேண்டுமென்று பெரியோர் முறை வகுத்தனர்.

கல்லால் அமைந்த கோயிலின் பந்தனமே காலத்தால் நெகிழுமாயின், உயிர்கள் வாழும் இல்லத்தின் பந்தனம் நெகிழாதிருக்குமோ? தாயும் தந்தையும், மகனும் மகளும், மாமியும் மருமகளும், உடன்பிறந்தாரும் சேர்ந்த குடும்பம் என்பதும் பல்வேறு இயல்புடைய பொருள்கள் இளகி ஒன்றாகி நிற்கும் ஒரு பந்தனமே. அது இந்நாளில் எந்நிலையில் இருக்கிறது என்பதைக் கோபுரத்தின் நிழலில் அமர்ந்து எண்ணிப் பார்த்தல் தகும்.

திருவள்ளுவப் பெருந்தகை அன்புடைமையை எட்டாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையை இருபத்தைந்தாம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்களிடத்தும் செல்வது அருள். முன்னது முதலிற் கூறப்பட்டமைக்குக் காரணம் உண்டு. அன்பு பெற்றெடுக்கும் குழந்தையே அருள் என்பது அப்பெருந்தகையின் கருத்து. தாயின்றிக் குழந்தை இல்லை. குழந்தை பெறாத தாயின் வாழ்வும் நிறைவுடையதாகக் கருதப்படுவதில்லை.

இவ்வுண்மையை மறந்தோர் இரு திறத்தினர். ஒரு திறத்தார், தம் மனைவி மக்களைப் பேணுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணிக் கதவை அடைத்துக்கொள்பவர். மற்றொரு திறத்தார், ஊருக்கெல்லாம் உபகாரியாய் விளங்கிக்கொண்டே, வீட்டில் ஈன்ற தாயின் முகம் பார்க்க நேரமில்லாதவர். முன்னவரிடம் உள்ள அன்பு வளராத அன்பு; பின்னவரிடம் உள்ள அருள் வேரில்லாத அருள். இரண்டும் குறையுடையனவே.

வீட்டில் வேர்கொண்டு உலகெங்கும் நிழல் பரப்பிய அன்புக்குத் திலகவதியாரைவிடச் சிறந்த சான்று வேறு வேண்டா. திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாய்த் தோன்றிய அவ்வம்மையார், இளமையிலேயே தந்தையை இழந்தார்; தாயையும் இழந்தார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்தார் என்ற செய்தியும் வந்தது. உயிர்விடத் துணிந்த அவரைத் தடுத்து நிறுத்தியது ஒன்றே: தம் காலில் விழுந்து அழுத சிறுவனாகிய தம்பி மருள்நீக்கியாரின் கண்ணீர். அத்தம்பி வாழவேண்டும் என்பதற்காகவே அவர் வாழ்ந்தார். உலகத்தை உய்விக்கும் நோக்கம் அப்போது அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்குச் சோறூட்ட வேண்டும், துணையாக நிற்க வேண்டும் என்பதே அவர் மேற்கொண்ட தவம்.

பின்னர் அத்தம்பி சமண சமயம் சார்ந்து தருமசேனர் என்னும் பெயரும் பெருமையும் பெற்றுப் பிரிந்து வாழ்ந்தார். தமக்கையார் திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகிட்டும் மாலை தொடுத்தும் தொண்டு செய்துகொண்டு காத்திருந்தார். சூலை நோயால் வருந்திய தம்பி ஆளனுப்பி அழைத்தபோது, தாம் அங்கு வருவதற்கில்லை என்று உறுதியாகக் கூறிவிட்டார். அத்தம்பியே இரவில் வந்து அடியில் வீழ்ந்தபோதோ, பழம்பிழையைச் சொல்லிக் காட்டாமல் திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அன்பென்பது நெகிழ்ச்சி மட்டுமன்று, உறுதியும் அதன் இயல்பே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பிரிந்தவர் திரும்பி வரும்வரை கதவைத் திறந்தே வைத்திருத்தலும், வந்தபின் கணக்குக் கேளாதிருத்தலும் குடும்ப அன்பின் இரு கண்கள் எனலாம்.

அவ்வாறு மீட்கப்பெற்றவரே திருநாவுக்கரசர். திருவீழிமிழலையில் கொடிய பஞ்சம் நேர்ந்தபோது, திருஞானசம்பந்தரும் அவரும் இறைவனிடம் நாள்தோறும் படிக்காசு பெற்று அடியார்களுக்கு அமுதளித்தனர் என்பது வரலாறு. திருவாமூரில் ஒரு தமக்கை ஒரு தம்பிக்கு இட்ட சோறு, திருவீழிமிழலையில் பசித்தோர் அனைவருக்கும் இட்ட சோறாக விரிந்தது. அன்பு அருளாகும் வழி இதுவே.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. 1823-ஆம் ஆண்டு மருதூரில் தோன்றிய இராமலிங்க வள்ளலார், கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையை இழந்தவர். அவரைச் சென்னையில் வைத்து வளர்த்தவர் தமையனார் சபாபதியார். கல்வியில் நாட்டமின்றித் திரிகிறான் என்று சினந்த தமையனார், வீட்டில் அவனுக்குச் சோறிடலாகாது என்று கட்டளையிட்டதாகவும், அண்ணியார் மறைவில் அழைத்துச் சோறிட்டுக் கண்ணீர் வடித்ததாகவும் அவர்தம் சரித்திரத்தில் கூறுவர். 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, அன்று மூட்டிய அடுப்பு அணையாதிருக்கச் செய்தார். சாதி, சமயம், ஊர் எதுவும் வினவாமல், பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு அங்குச் சோறு இடப்படுகிறது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்த நெருப்பு எரிகின்றது. அண்ணியாரின் கையிலிருந்து வீழ்ந்த அந்த ஒரு பிடிச் சோற்றுக்கும் இந்த நெருப்புக்கும் உறவு உண்டு என்று கருதினால் அது பிழையாகாது.

அன்பர்களே! இனி இக்காலத்து நிலையை நோக்குவோர்க்கு ஒரு கவலை எழாமற்போகாது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70-ஐ எட்டியுள்ளது. மருத்துவம் தந்த பெரும் வரம் இது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது கடந்தவர். ஆயுள் நீண்டது; ஆனால் அந்த நீண்ட ஆயுளைக் கழிப்பதற்குரிய திண்ணை சுருங்கிவிட்டது. பிள்ளைகள் பிழைப்பின் பொருட்டுப் பெருநகரங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்கின்றனர். நகரத்து வீடுகளோ இரண்டு அறைகளுக்குள் அடங்கிவிட்டன. கணவனும் மனைவியும் பணிக்குச் சென்றால்தான் குடும்பம் நடைபெறும் என்ற நிலையும் வந்துள்ளது.

ஆதலின் முதியோர் படும் துயருக்கெல்லாம் பிள்ளைகளின் கல்நெஞ்சமே காரணம் என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுதல் நீதியாகாது. படுக்கையில் வீழ்ந்த மாமனாரைத் தூக்கி நிறுத்துவதும், நினைவு தவறிய மாமியாருக்கு நாள்தோறும் நூறு முறை விடை சொல்வதும் பெரும்பாலும் ஒரு மருமகளின் தலையிலேயே விழுகின்றன. அவளுடைய களைப்பைக் கண்டு ஒரு வாரமேனும் அச்சுமையை ஏற்காத மைந்தர், தாயன்பைப் பற்றி மேடையில் பேசும் உரிமை பெறார். உடன்பிறந்தார் நால்வர் இருந்தும் ஒருவர் மட்டுமே பேண, ஏனையோர் திருநாளில் வந்து நலம் விசாரித்துச் செல்வதும் பந்தனத்தின் வெடிப்பே ஆகும்.

எனினும், காரணங்களால் மூடிவிட முடியாத கொடுமைகளும் உண்டு. பெற்றோரின் நிலத்தையும் வீட்டையும் எழுதி வாங்கிக்கொண்ட பின்னர் அவர்களைப் புறக்கணிப்போர் உளர். திருவிழாக் கூட்டத்தில் முதியவரை அழைத்து வந்து, அமரச் செய்து, திரும்பி வாராமற் போவோரும் உளர். இத்தகையோரைக் கருதியே 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பேண மறுக்கும் பிள்ளைகளிடமிருந்து வாழ்க்கைச் செலவு பெறுவதற்கு அதன்கீழ்த் தீர்ப்பாயம் உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை தவறியபோது மீட்டுக்கொள்ளவும் அச்சட்டம் இடமளிக்கிறது. முதியோரைக் கைவிட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றம் என்றும் அது கூறுகிறது. துன்புறும் முதியோர் 14567 என்னும் தொலைபேசி எண்ணில் உதவி கேட்கலாம். இவை அறியப்பட வேண்டியவை; அறிவிக்கப்பட வேண்டியவை.

ஆயினும் சட்டம் எதனைத் தர வல்லது? மாதந்தோறும் ஒரு தொகையைத் தரும். “அம்மா, சாப்பிட்டாயா?” என்ற ஒரு சொல்லைத் தர அதனால் இயலாது. தாய் மகன்மீது வழக்குத் தொடுக்கும் நாளில், வென்றாலும் தோற்றாலும் அவள் கண்களில் நீரே மிஞ்சும். எத்தனையோ தாயர், பிள்ளைக்கு இழுக்கு வருமே என்று அஞ்சிப் பசியையும் வெளியிற் கூறாமல் இருக்கின்றனர். பிழை செய்த பிள்ளையின் மானத்தைக் காப்பதும் அத்தாயின் பட்டினியே! இதனினும் இரங்கத்தக்கது யாதுளது?

இவ்விடத்தில்தான் திருக்கோயிலின் கடமை தொடங்குகிறது. தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் 2002-ஆம் ஆண்டு முதல் அரசின் அன்னதானத் திட்டம் நடைபெற்று வருகிறது. நண்பகலில் அவ்வரிசையில் நிற்போரைக் கூர்ந்து நோக்கினால், உறவே இல்லாதவர் சிலரும், உறவிருந்தும் இல்லாதவர் பலரும் காணப்படுவர். இலை போட்டுச் சோறிடுவதோடு நில்லாமல், அவர்தம் பெயரை அறிந்து, நேற்று வந்தவர் இன்று ஏன் வரவில்லை என்று விசாரிக்கும் ஒருவர் ஒவ்வொரு கோயிலிலும் இருப்பாராயின், அன்னதானம் அருள்தானமாக உயரும். கோபுரத்திற்குப் பொன் கொடுத்த கைகள், கோபுர வாயிலில் அமர்ந்திருப்பவருக்குக் கண்மருந்தும் ஊன்றுகோலும் கொடுப்பதற்குத் தயங்கவேண்டியதில்லை. பணம் கொடுக்க இயலாதவர் ஒரு நாழிகை உடனிருந்து பேசலாம். முதுமையின் பெரும்பசி பேச்சுப் பசியே.

இதற்கெல்லாம் பொருள் வேண்டுமே என்று எண்ணுவோர் இளையான்குடி மாறனாரை நினைத்தல் நன்று. செல்வமெல்லாம் தேய்ந்து, உண்ணவும் இல்லாத நிலையில், மழை பொழியும் நள்ளிரவில் ஓர் அடியார் வந்தார். பகலில் விதைத்த நெல்லை வாரிக் கொணரலாம் என்று வழி சொன்னவர் அவருடைய மனைவியார். இருளில் தடவிச் சென்று நனைந்த முளைநெல்லைக் கொணர்ந்தவர் கணவர். வீட்டின் கூரையிலிருந்த கொம்பை அறுத்து விறகாக்கினர். தோட்டத்துக் கீரையைக் கறியாக்கினர். மனைவி ஒரு புறமும் கணவன் ஒரு புறமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் அவ்விரவில் அடுப்பு எரிந்திருக்குமோ? இருவர் மனமும் ஒன்றாயிருந்த இல்லறத்தின் அன்பே விருந்தினர்க்கு அமுதாயிற்று. வீடு ஒன்றுபட்டிருந்தால்தான் வெளியே அருள் செய்ய முடியும் என்பதற்கு இதுவே இலக்கணம்.

பெருவிழா நிறைவுற்று மண்டலாபிஷேகமும் முடிந்தபின், பந்தல் பிரிக்கப்படும், வாழைமரங்கள் அகற்றப்படும். கருவறையிற் சாத்திய பந்தனம் மட்டும் ஆண்டுகள் பல அமைதியாகத் தன் பணியைச் செய்துகொண்டிருக்கும். இல்லத்தின் பந்தனத்தையோ பன்னிரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தல் ஆகாது. அது நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டுவது. பிரசாதத்தோடு வீடு திரும்பும் அன்பர்கள், முதலில் அதனை வீட்டிலுள்ள முதியவர் கையில் வைத்து வணங்குவாராக. தொலைவில் உள்ளோர் இன்றிரவே பெற்றோரை அழைத்துப் பேசுவாராக. பகைத்துப் பிரிந்த உடன்பிறந்தார் ஒருவர் வாயிலை ஒருவர் மிதிப்பாராக. பெற்றோரை இழந்தவர், பிள்ளையிருந்தும் தனித்திருக்கும் ஒரு முதியவரைத் தம் பெற்றோராகக் கொள்வாராக. இவை நிகழுமாயின், கோபுரக் கலசத்தில் ஊற்றிய நீர் ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் வழிந்ததாகும்.

அன்பு அருளாக மலர்க! அடியார் இல்லங்கள்தோறும் முதியோர் முகம் மலர்க! இறைவன் திருவருள் எங்கும் நிறைக!

திருச்சிற்றம்பலம்.