ஏட்டில் ஏறிய கல்லெழுத்து
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதிதாக ஓர் ஆலயம் எழுப்புவதினும், பழுதுற்ற ஆலயத்தைப் புதுப்பித்தல் பன்மடங்கு புண்ணியம் என்பது ஆன்றோர் கொள்கை. ஆயின், புதுப்பிக்கும் கை பழையதை அழித்துவிடாமல் இருத்தல் வேண்டும். அதற்கு வழி யாது? உலகத்து அறிஞர் பலர் ஆண்டுதோறும் ஓரிடத்துக் கூடி இதனை ஆராய்ந்து வருகின்றனர்.

தொல்லியலில் கணினியையும் அளவுமுறைகளையும் பயன்படுத்துவோரின் மாநாடு அது. 1973-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சிறு கூட்டமாகத் தோன்றிற்று. 1992-இல் முதன்முறையாகப் பிரிட்டனுக்கு வெளியே, டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நடைபெற்றது. 2014-இல் பாரிஸிலும், 2025-இல் ஏதென்ஸிலும் கூடியது. அங்கே செல்லும் ஒருவர், மண்ணைத் தோண்டுவோரும் கணிதம் வல்லோரும் ஒரே மேடையில் அமர்ந்து வாதிடுவதைக் காண்பர். லேசர்க் கதிரைச் சுவரின்மேல் செலுத்தி, அது மீண்டு வருவதைக் கொண்டு தூரத்தைக் கணித்து, கோடிக்கணக்கான புள்ளிகளால் ஒரு கட்டடத்தின் உருவத்தைக் கணினியில் அமைக்கும் முறை அங்கே விளக்கப்படும். பல திசைகளிலிருந்து ஒளியைப் பாய்ச்சிப் படமெடுத்து, கண்ணுக்குப் புலப்படாத தேய்ந்த எழுத்தைப் படிக்கும் முறையும் பேசப்படும்.

இவையெல்லாம் மேனாட்டுப் புதுமை என்று தமிழர் வியந்து நிற்க வேண்டுவதில்லை. கருவி புதிது, கருத்துப் பழையது. திருமழபாடித் திருக்கோயில் கல்வெட்டு அதற்குச் சான்று. முதலாம் இராஜராஜ சோழர் தம் 28-ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டார். பிரிப்பதற்கு முன் சுவர்களிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும் அவர் ஆணை. அவ்வாறு எடுத்த படிகள், அவர் மைந்தர் இராஜேந்திரரின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026-ஐ ஒட்டி, புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. சுவரைப் பெயர்க்குமுன் எழுத்தைக் காத்த அந்த விவேகத்தினால், முன்னோர் அளித்த நிவந்தங்கள் மறையாது நின்றன. மாநாட்டு அறிஞர் இன்று வற்புறுத்தும் முதல் விதியும் இதுவே: கை வைக்குமுன் பதிவு செய்க.

இவ்விதியின் பயனைப் பாரிஸ் நகரத்து நோத்ர தாம் தேவாலயம் உலகறியக் காட்டிற்று. ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றறிஞர் 2010-இல் அதனை லேசர்க் கதிரால் நுணுகி அளந்து வைத்தார், 2018-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே, 2019 ஏப்ரல் 15-ஆம் நாள், பெருந்தீ அதன் கூரையையும் கோபுரக் கூம்பையும் உண்டது. அவருடைய அளவுகளும் ஏனைய அறிஞர்களின் அளவுகளும் திருப்பணிக்குத் துணையாயின. 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

தீ ஒருபுறம் இருக்க, களவு மற்றொரு கேடு. தரங்கம்பாடிக்கு அண்மையிலுள்ள அனந்தமங்கலம் பெருமாள் கோயிலின் இராமர், சீதை, இலக்குவர் திருமேனிகள் 1978-இல் களவு போயின. ஆனால் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958-இலேயே அவற்றைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அயல்நாட்டில் இருந்த திருமேனிகள் அக்கோயிலுக்கே உரியவை என்று நிறுவ அப்படங்கள் சாட்சியாயின. 2020-இல் இலண்டனில் அவை இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே தாயகம் மீண்டன. படம் எடுக்கப்படாத கோயிலின் மூர்த்திக்கு எந்த நியாய ஸ்தலத்தில் யார் சாட்சி சொல்வார்?

எனினும், கணினியில் ஏற்றிவிட்டால் எல்லாம் நிலைபெற்றுவிடும் என்று எண்ணுதல் மயக்கம். இங்கிலாந்தில் 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்குப் புத்தகம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக 1986-இல் நாட்டு மக்களின் வாழ்வைத் திரட்டி லேசர் வட்டுகளில் பதித்தார்கள். இருபது ஆண்டு நிறைவதற்குள் அவ்வட்டுகளைப் படிக்கும் கருவிகளே அரிதாகிவிட்டன. அரிதின் முயன்றே அச்செய்திகளை மீட்டனர். படியெடுத்தால் மட்டும் போதாது. காலந்தோறும் புதுப் படி எடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் எப்படியோ, பதிவுக்கும் அப்படியே.

மற்றொன்றும் அம்மாநாட்டார் கண்டிப்பாகக் கூறுவர். சிதைந்ததைக் கணினியில் முழுமையாக்கிக் காட்டுவோர், எது சான்றுள்ளது, எது ஊகம் என்பதைப் பிரித்துரைத்தல் கடமை. இல்லாததை உள்ளதாகக் காட்டும் அழகு, உள்ளதை மறைக்கும் திரையாகும்.

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் புண்ணியவான்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். கோபுரத்துக்கு வண்ணமும் மண்டபத்துக்குத் தளமும் அளிப்போர் பலர். பாலாலயத்துக்கு முன் சுவர்களையும் திருமேனிகளையும் முறைப்படி படமெடுத்து, அளந்து, எழுதி வைக்கும் செலவை ஏற்போர் சிலரே. மணலைப் பீய்ச்சிக் கல்லைத் துலக்குவதால் ஆயிரமாண்டு எழுத்து ஒரு நாளில் தேய்ந்து போகும். சுண்ணத்தின் அடியில் மறைவதும், தளம் உயர்த்துங்கால் அதிட்டானத்தோடு புதைவதும் முன்னொருவர் செய்த தருமமே. நுந்தா விளக்குக்கு ஆடு அளித்த அவர் பெயரை அழித்துவிட்டு, மின்விளக்கு அளித்தவர் பெயரை அதன்மேல் எழுதுதல் அறமாகாது.

ஆதலின், திருப்பணிக் குழுவினர் தொடங்குமுன் தொல்லியல் வல்லாரைக் கலந்து, உரிய அனுமதியோடு பதிவுசெய்து, ஒரு படியைக் கோயிலிலும், ஏனைய படிகளை வெவ்வேறு இடங்களிலும் வைத்துப் பேணுவாராக. இன்று கொடுப்பவர் பெயரும் ஒருநாள் பழங்கல்வெட்டாகும். முன்னோர் எழுத்தை இவர்கள் காத்தால், இவர்கள் எழுத்தைப் பின்னோர் காப்பர். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக!