பத்து சென்டிமீட்டர் லேசர்



மோட்-லாக் இழை லேசருக்குள் ஒரே ஒளித்துடிப்பு இரு ஆடிகளுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும். போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே வரும். இழைக்குள் ஒளி நானோ விநாடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் போகும். ஆக, 10 சென்டிமீட்டர் இழை என்றால் விநாடிக்கு 100 கோடித் துடிப்பு, அதாவது 1 கிகாஹெர்ட்ஸ். 1 சென்டிமீட்டர் என்றால் 10. கணக்கு அவ்வளவுதான், முதலாண்டுக்காரரே போட்டுடலாம்.

சிக்கல் கண்ணாடியில்தான். இழை குறைஞ்சா, ஒளியைப் பெருக்குகிற எர்பியமும் குறையுது. சரி, நிறையத் திணிப்போம் என்றால், சிலிக்காவில் எர்பிய அயனிகள் கொத்தாகச் சேர்ந்து ஆற்றலைத் தமக்குள்ளேயே தீர்த்துவிடும். பாஸ்பேட் கண்ணாடி அதிகம் தாங்கும். ஆனால் அதைச் சிலிக்கா இழையோடு உருக்கி ஒட்டுவது பெரும்பாடு. போதாததற்கு, 100 மில்லிவாட்டை 100 கோடிக்குப் பங்கு போட்டால் தலைக்கு 100 பிகோஜூல்தான். துடிப்பு மெலிந்தால் வரிசையே தள்ளாடும்.

இத்தனை பாடு எதுக்கு? இந்தத் துடிப்புகளின் நிறமாலை சீப்புப் பல் போல் நிற்கும். பல் இடைவெளி துடிப்பு வீதமேதான். விண்மீன் ஒளியை அளக்கும் நிறமாலைமானிக்கு அளவுகோலாக வைக்க, 10 கிகாஹெர்ட்சுக்கு மேல் இடைவெளி வேணும். நெருக்கமான சீப்பில் பல்லைப் பிடுங்கிச் சமாளிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கலை. மெட்டீரியல் சயின்ஸ் தம்பி தங்கைகளே, ஆடியை நாங்க பார்த்துக்கிறோம். நல்ல கண்ணாடி நீங்க செஞ்சு தாங்க.