பாரிமுனைக்கு ஓர் ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவில் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று செயலாளர் கேட்டார். சாப்பாட்டைப் பற்றி என்றேன். "சங்க இலக்கியத்தில் உணவா?" என்று ஆறுதலாகக் கேட்டார். அதுவும் வரும், ஆனால் பாரிமுனைத் தெருவோரத்தில் விற்கும் அத்தோவும், நின்றபடியே தின்னும் பேக்கரி பன்னும்தான் பொருள் என்றேன். அவர் அழைப்பிதழில் 'ஆற்றுப்படை' என்று மட்டும் அச்சிட்டுத் தம் பொறுப்பை முடித்துக்கொண்டார்.

ஆயினும் அவர் இட்ட தலைப்பு பொருத்தமானதே. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படை வழியை மட்டுமா சொல்கிறது? எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும், வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறு கிடைக்கும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு கிடைக்கும் என்று ஊருக்கொரு உணவாகச் சொல்லிக்கொண்டே போகிறது. வழிநடைப் பாணனுக்கு அரண்மனை விருந்தைவிட இடைவழிச் சோறே முதற்கவலை. அதை நாம் இகழ முடியாது. நம் ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடந்து செல்வோர் இளைப்பாறிய இடத்தின் நினைவைக் கனகம்மா என்ற ஒரு பெண்ணின் பெயரோடு சேர்த்துச் சுமக்கும் ஊர் இது. வழிப்போக்கனின் பசியைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

முதலில் பேக்கரி. நம் வட்டத்தார் ஆண்டுதோறும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். 1977இல் தொடங்கிய அக்காட்சி நெடுங்காலம் அண்ணாசாலையில் காயிதே மில்லத் கல்லூரித் திடலில் நடந்தது. கையில் இருந்த பணமெல்லாம் நூலுக்குப் போய்விடும். பேருந்துக் கட்டணத்தைத் தனியே மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகு, மிச்சச் சில்லறையில் பசியாற வேண்டும். அப்போது நமக்குக் கைகொடுத்தவை சென்னையின் சிறு பேக்கரிகள். கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன், பப்ஸ், வெண்ணெய் பிஸ்கட், டீ கேக். வெளியே ஒரு மரப்பலகை. அதன்மேல் புதுநூற்கட்டை வைத்துவிட்டு, பன் பட்டர் ஜாமை ஒரு கையிலும் தேநீரை மறுகையிலும் ஏந்தியபடி நாம் நடத்திய விவாதங்களில் பாதி இங்கே நடந்த கூட்டங்களைவிடத் தரமானவை என்பது என் கருத்து. தலைவர் பொறுத்தருள வேண்டும்.

இந்த உணவு அயலாரது அல்லவா என்று கேட்பவர் உண்டு. ஆம். பிஸ்கோத்து என்ற சொல் போர்த்துகீசியர் தந்தது. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்பதும் அவர்கள் வழிதான். ஆனால் மேசையும் அலமாரியும் சாவியும் அவர்கள் தந்தவையே. சாவியை எவரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. வேப்பேரியின் ஸ்மித் ஃபீல்டு பேக்கரி 1885இலும், மக்ரெனட் 1903இலும் தொடங்கியவை. நூறாண்டுக்கு மேலாக ஒரு நகரம் தின்ற ரொட்டி அந்நகரத்தின் ரொட்டியே. ஒன்று மட்டும் சொல்வேன்: வண்ண வண்ணமாகப் பூப்போட்ட கிரீம் கேக் கண்ணுக்கு மட்டுமே. நம்பிக்கைக்குரியது பன்தான்.

இனி அத்தோ. 2002இல் வெளியூர்ப் பேருந்துகள் கோயம்பேட்டிற்குப் போவதற்கு முன்பு, நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பாரிமுனையில்தான் இறங்குவோம். அங்கிருந்து சிறிது நடந்தால் பர்மா பஜார். அதன் பின்புறம் செகண்ட் லைன் பீச் சாலை. மாலை மயங்கியதும் அங்கே அடுப்புகள் எரியத் தொடங்கும். 1988இல் ஓர் அலுவலக வேலையாகச் சென்றிருந்த நான், வேலை முடியாமல் இரவு தங்க நேர்ந்து, பசியோடு அத்தெருவில் நுழைந்தேன்.

கடைக்காரர் அகன்ற பாத்திரத்தில் செம்மஞ்சள் நிறத்து நூடுல்ஸை அள்ளிப் போட்டார். மெல்லியதாக அரிந்த முட்டைக்கோசும் வெங்காயமும் சேர்த்தார். பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, ஒரு கரண்டி புளித்தண்ணீர். பிறகு பேஜோ என்னும் மொறுமொறுப்பான வடைத்தட்டை நொறுக்கித் தூவி, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்தார். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூடான சாறு. "புதுசா சார்? காரம் கம்மியா போடட்டுமா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். என் கண் அவர் கையைவிட்டு அகலவில்லை. ஏனெனில் அந்தப் பிசைதலை நான் முன்பே பார்த்திருந்தேன்.

என் சிற்றப்பா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். 1962இல் நே வின் தலைமையில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியதும், அடுத்த ஈராண்டுகளில் கடைகளும் ஆலைகளும் நாட்டுடைமையானதும், 1964இல் ஐம்பது, நூறு கியாத் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டதும் வரலாறு. பல்லாயிரக்கணக்கான தமிழர் வெறுங்கையராய்க் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். சிலர் மனம் பொறாமல் தரைவழியே திரும்பிச் செல்ல முயன்று, மணிப்பூர் எல்லையில் மோரேயிலேயே தங்கிவிட்டனர். அங்கே இன்றும் தமிழர் கட்டிய அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது நடந்தே வந்தவர்களின் துயரை வெ. சாமிநாத சர்மா தம் பர்மா வழிநடைப் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார்.

சிற்றப்பா 1965இல் வந்தார். ஒரு தகரப் பெட்டி, இரண்டு கைலி. எனக்கு அப்போது பத்து வயது. வந்த சில நாள்களில் அம்மாவிடம், "அண்ணி, கொஞ்சம் சேவை பிழிந்து தருகிறீர்களா? மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சேவையைப் புளித்தண்ணீர் விட்டு, பூண்டைப் பொரித்துக் கொட்டி, வெங்காயமும் வறுத்த கடலைமாவும் சேர்த்துக் கையால் பிசைந்தார். வீடே சிரித்தது. இனிப்புக்கோ தேங்காய்ப்பாலுக்கோ உரிய சேவையைப் புளியில் போட்டுக் கெடுப்பார்களா என்றார் பாட்டி. நான் அதற்குப் புழுச்சோறு என்று பெயர் வைத்தேன். பெயர் நிலைத்துவிட்டது. சிற்றப்பாவும் சேர்ந்து சிரித்தார். தட்டிலிருந்ததை முழுவதும் தின்று, தட்டைத் தாமே கழுவி வைத்தார். அதன்பின் 1979இல் இறக்கும்வரை ஒருநாளும் அவர் சேவை கேட்டதில்லை.

அத்தோ என்பது கையால் கலந்து பிசைந்தது என்னும் பொருளுடைய பர்மியச் சொல் என்று அந்தக் கடைக்காரர்தான் சொன்னார். அவருடைய தாயாரும் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவராம். அங்கே மீன்சாற்றில் செய்யும் மொய்ங்காவை இங்கே வாழைத்தண்டுச் சாறாக்கி, நம்மூர்ப் புளிக்கும் காரத்துக்கும் பழக்கி, தெருவோரத்தில் விற்றே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார் அந்த அம்மையார்.

மணிமேகலையில் ஆபுத்திரன் பசித்தோர்க்கு உணவிடச் சாவக நாடு நோக்கிக் கப்பலேறுகிறான். இடைவழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, உண்பாரில்லாமல், அமுதசுரபியைப் பொய்கையில் விட்டுவிடுகிறான். கிழக்கே போன அந்தப் பாத்திரத்தின் கதையை நாம் மேடைதோறும் பேசுகிறோம். கிழக்கிலிருந்து வந்த பாத்திரம் பாரிமுனையில் இருக்கிறது. அதைப் பற்றி எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அன்றிரவு இரண்டு தட்டுத் தின்றேன். இரண்டாவது தட்டு பசிக்காக அன்று.

இன்று அத்தோ குளிரூட்டிய உணவகங்களிலும் பன்மடங்கு விலையில் கிடைக்கிறது. கையுறை அணிந்து பிசைகிறார்கள். சிலர் கரண்டியால் கிளறிச் சாஸும் ஊற்றுகிறார்கள். தூய்மையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சாஸ் ஊற்றியதற்கு வேறு பெயர் வைப்பது நல்லது. அத்தோ உண்ண விரும்புவோர் மாலை ஆறுமணிக்கு மேல் செகண்ட் லைன் பீச் செல்க. கூட்டம் நிற்கும் கடையில் நிற்க. பேஜோவை நொறுங்கும் பதத்திலேயே தின்க.

ஊர் திரும்பி அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவ்வாண்டு சிற்றப்பாவின் நினைவுநாள் வந்தது. நம் பக்கத்து வழக்கப்படி இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைப்போம் அல்லவா? விடியற்காலையிலேயே சமையலறையில் பூண்டு பொரியும் மணம். எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா சேவை பிழிந்து ஆறவைத்து, புளி கரைத்து, கையால் பிசைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு விரலால் எடுத்து நீட்டி, "உங்க சித்தப்பாவுக்குப் புளி இவ்வளவு போதுமாடா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.