நமக்கேத்த நடைவழியை நாமே கண்டுபிடிப்போம்

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் கடனைப் பத்தியோ வட்டியைப் பத்தியோ பேச வரலீங்க. நடக்கறதைப் பத்திப் பேசப் போறேன். நம்ம கையில இருக்கற செல்போனை வச்சு, நம்ம ஊர்லயே நடக்கறதுக்கு நல்ல வழியை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு சொல்லப் போறேன்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. அந்தக் காலத்தில் குழுக் கூட்டத்துக்குப் போகவே வீட்டில் கேட்டுக்கொண்டு வந்த பெண்கள் நிறையப் பேர். இன்று வங்கிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் தைரியமாகப் போகிறோம். ஆனால் நம்ம உடம்புக்காக அரை மணி நேரம் காலாற நடந்துட்டு வரணும்னா, இன்னும் தயக்கம் இருக்குது. "வேலை வெட்டி இல்லாம ரோட்டுல சுத்தறா பாரு"ன்னு யாராவது சொல்லிடுவாங்களோங்கற பயம்தான்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் நம் குழுக்களில் இருந்து போனவர்கள்தான். அவங்களைக் கேட்டுப் பாருங்க, நம்ம தெருவுலயே எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்குதுன்னு சொல்லுவாங்க. டாக்டர் மாத்திரை எழுதித் தரும்போது "தினமும் நடங்கம்மா"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்றாங்க. எங்கே நடக்கறதுன்னு அந்தச் சீட்டுல எழுதியிருக்காது.

"நாள் முழுக்க வேலை செய்யறோம், தனியா நடை எதுக்குங்க?"ன்னு சில அக்காமார் கேட்பீங்க. நியாயமான கேள்விதான். களை எடுக்கறது, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கறது எல்லாம் உடல் உழைப்புதான், அதுவும் கணக்கில் சேரும். ஆனால் தையல் மெஷினிலும் கொலுசுப் பட்டறையிலும் வேலை செய்பவர்கள் நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறார்கள். தறி ஓட்டுபவர்கள் ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருக்கிறார்கள். கை ஓய்ந்து போகும், இடுப்பு வலிக்கும், ஆனால் மூச்சு வாங்கும்படி உடம்பு அசைந்திருக்காது. பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமான நடை.

2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனா நாம தினமும் பஸ் ஏறிப் போய் நடந்துட்டு வர முடியுங்களா? மெயின் ரோட்டுல நடந்தா லாரியும் முட்டை வண்டியும் உரசிட்டுப் போகுது. அதனால அவரவர் ஊர்லயே ஒரு வழி வேணும்.

அந்த வழி ஏற்கனவே இருக்குதுங்க. ஏரிக்கரை இருக்குது, வாய்க்கால் கரை இருக்குது, காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே இட்டேரி இருக்குது. பரமத்தி வேலூர் பக்கம் ஜேடர்பாளையத்துல பிரியற ராஜவாய்க்கால் இருக்குது, அதோட சேர்ந்து மோகனூர், பொய்யேரி, கொமாரபாளையம் வாய்க்கால்கள் இருக்குது. மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாய் போற ஊர்களும் இருக்குது. இதில் எது நமக்கு ஆகும் என்று பார்க்க நாலு வேலை செய்ய வேண்டும்.

முதல் வேலை, மேலிருந்து பார்ப்பது. செல்போனில் கூகுள் மேப்பைத் திறந்து, சாதாரணப் படத்தை மாற்றி, செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் படத்தில் தார் ரோடுதான் தெளிவாகத் தெரியும், நம் இட்டேரி பெரும்பாலும் இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் இரண்டு பக்கமும் வேலி பச்சைக் கோடாகவும், நடுவே தடம் மண் நிறத்திலும் தெரியும். அந்தத் தடம் எங்கே முடிகிறது, இன்னொரு தடத்தோடு சேர்கிறதா என்று விரலால் நகர்த்திப் பாருங்கள். போன வழியே திரும்பாமல், ஒரு சுற்று சுற்றி ஊருக்கே வந்து சேரும் வழி கிடைத்தால் ரொம்ப நல்லது. படம் சில வருஷம் பழசாக இருக்கலாம், அப்போது இருந்த தடம் இப்போது வீட்டுமனை ஆகியிருக்கலாம். அதையும் மனசில் வையுங்கள்.

இரண்டாவது வேலை, தூரம் அளப்பது. படத்தில் ஓர் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் புள்ளி விழும். கீழே தூரம் அளக்கும் வசதி வரும். வளைவுக்கு வளைவு புள்ளி வைத்துக்கொண்டே போனால் எத்தனை கிலோமீட்டர் என்று அதுவே சொல்லும். அரை மணி நடைக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் போதும். 10,000 அடி நடந்தே ஆகணும்னு யாரும் கவலைப்பட வேண்டாம். அந்தக் கணக்கு 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவினது. டாக்டர் எழுதிக் கொடுத்தது இல்லை.

மூன்றாவது வேலை, அது யார் இடம் என்று பார்ப்பது. பட்டா, சிட்டா எடுக்கும் அதே அரசு இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் 'அ' பதிவேடும் புலப்படமும் பார்க்கலாம். புறம்போக்கு என்று இருந்தால், பாதையா, வண்டிப்பாதையா, ஓடையா, ஏரியா என்பதை வி.ஏ.ஓ.விடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டா நிலமாக இருந்தால் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே நடப்போம். நம்ம ஊர்ல கேட்டா இல்லைன்னு சொல்ற ஆள் குறைவு, கேட்காமப் போனாத்தான் சண்டை.

நான்காவது வேலைதான் முக்கியம், நேரில் நடந்து பார்ப்பது. இங்கிலாந்தில் 2020 ஊரடங்கின்போது தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே இணைய வரைபடங்களைப் பார்த்து, ஊருக்கு ஊர் இணைக்கும் நடைவழிகளை ஆயிரக்கணக்கில் வரைந்தார்கள். ஆனால் வரைந்ததோடு விடவில்லை. ஒருத்தர் வரைந்த வழியை வேறு ஆட்கள் நடந்து பார்த்து, சேறு இருக்கிறதா, வழி அடைபட்டிருக்கிறதா என்று எழுதினார்கள். நம்ம குழுவில் ஒருத்தர் எழுதின கணக்கை இன்னொருத்தர் தணிக்கை செய்யற மாதிரிதான் இதுவும். நாலு பேராப் போய்ப் பகலில் நடந்து பாருங்க. நாய் துரத்துதா, டாஸ்மாக் கடை இருக்குதா, சேகோ ஆலைத் தண்ணி தேங்கி நிக்குதா, புதர் அடர்ந்து பாம்பு பயம் இருக்குதா, அவசரத்துக்குக் கூப்பிட்டாக் கேட்கற தூரத்துல வீடு இருக்குதா, செல்போன் சிக்னல் கிடைக்குதா? இதெல்லாம் எந்த மேப்பும் சொல்லாதுங்க. மேட்டூர்க் கால்வாயில் பொதுவாக ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை தண்ணீர் ஓடும். அப்போது கரை ஈரமாக இருந்தால் வேறு வழி வைத்துக்கொள்ள வேண்டும்.

மலைப்பக்கம் போக ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இணையத்தில் யாரோ அழகாக வீடியோ போட்டிருக்கிறார்கள் என்று சேர்வராயன் மலையிலோ கொல்லிமலையிலோ காப்புக்காட்டுக்குள் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் குழுவில் பெண்கள் நிறைய, ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். இப்போது அரசே 2024 அக்டோபரில் "ட்ரெக் தமிழ்நாடு" என்ற இணையதளத்தைத் தொடங்கி, 40 வழிகளுக்கு முன்பதிவு செய்து வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது. மலை ஏறுவதென்றால் அந்த வழியில் போவோம்.

பாதுகாப்புக்கு மூன்று விஷயம். தனியாகப் போகாதீர்கள், வெயில் காலத்தில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் இருக்கும் இடத்தை ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துவிடுங்கள். அவசர எண் 112, பெண்கள் உதவி எண் 181, இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் கையில் ஒரு மிட்டாய் வைத்திருங்கள், காலில் செருப்பு இல்லாமல் நடக்காதீர்கள்.

இந்த வேலையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பாதை என்பது நடக்க நடக்கத்தான் பாதையாக இருக்கும். ஆள் நடமாட்டம் நின்ற இட்டேரியை முள் மூடும், அப்புறம் வேலி நகரும், அப்புறம் கம்பி கட்டுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுடுகாட்டுக்குப் போகிறவர்களும் சுற்றிப் போக வேண்டி வரும். அதில் அதிகம் பாதிக்கப்படுவது சொந்த வண்டி இல்லாத வீடும், ஊர்க் கோடியில் காலனியில் இருக்கும் வீடும்தான். 'அ' பதிவேட்டில் பாதை என்று இருந்து, நேரில் அடைத்திருந்தால், நகலோடு கிராம சபையில் மனுக் கொடுப்போம். ஒருத்தர் தனியாகப் போய்க் கேட்டால் பகை, குழுவாகத் தீர்மானம் போட்டுக் கேட்டால் அது ஊர்க் கோரிக்கை.

ஆகவே இந்த ஆண்டு விழாவில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு நடைவழியைக் கண்டுபிடித்து, தொடங்கும் இடம், தூரம், எந்த மாதம் ஆகாது, எங்கே கவனம் என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள. போன் பழகிய இளைய உறுப்பினர் படத்தைப் பார்க்கட்டும். பழைய தடமெல்லாம் தெரிந்த பாட்டி, அத்தைமார் பக்கத்தில் உட்கார்ந்து "அது அந்தக் காலத்துச் சந்தைத் தடம் கண்ணு"ன்னு சொல்லட்டும். ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் வழி கிடைக்கும்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு வாசிக்கும்போது, எந்த ஊராட்சி எத்தனை கிலோமீட்டர் வழி கண்டுபிடித்தது என்பதையும் சேர்த்து வாசிப்போம்.